கருப்பனுக்கு ஒரு முழம் செம்பு

இந்த ஊரில் கீழே விழுந்த காசை யாரும் குனிந்து எடுப்பதில்லை. நான் வேலை பார்க்கும் கடையில், கல்லாவுக்கு முன்னால் தினம் நாலைந்து பென்னியாவது தரையில் கிடக்கும். பென்னி என்பது இவர்களுடைய ஆகச் சிறிய காசு. செம்பு நிறத்தில் இருக்கும், நூறு சேர்ந்தால் ஒரு டாலர். ஜனங்கள் அதன் மேலேயே நடந்து போவார்கள். வந்த புதிதில் ஒருநாள் என் பூட்ஸுக்கு அடியில் ஒன்று மிதிபட்டுவிட்டது. பதறிப்போய் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கல்லாவில் இருந்த பெண் என் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து, கண் கழுவுகிற குழாய் எந்தப் பக்கம் என்று கைகாட்டினாள். லட்சுமியை மிதித்துவிட்டேன் என்று அவளுக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது? தேங்க்யூ என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்கிறாளே என்பதற்காகப் போய்க் கண்ணைக் கழுவிக்கொண்டும் வந்தேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குப் பேரையூர்ப் பக்கம். படிப்பு பத்தாவதோடு நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு கோச்சடையில் வாடகை வீடு, ஒரு மருந்துக் குடோனில் வேலை. மனைவி செல்வி கே.கே. நகரில் நர்ஸாக இருந்தாள். அவள் படித்த படிப்புதான் எங்களை இந்த ஒஹாயோ வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தது. அவள் இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ், நான் கடையில் காய்கறி அடுக்குகிறேன். பதினோரு வருஷம் ஆகிறது. சொல்லிக்கொள்ள ஒரு கடன் வீடு இருக்கிறது. பூஜை அலமாரியில் கருப்பசாமி படம் இருக்கிறது. காலையில் விளக்கேற்றாமல் நான் வெளியே போனது கிடையாது. பனி முழங்கால் வரை கிடந்த நாளிலும் அப்படித்தான்.

பக்கத்து வீட்டு ராய்தான் எனக்கு இந்தக் காசு பொறுக்குகிற பழக்கத்தைக் கொடுத்தவர். குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கடையில் கீழே கிடந்த பென்னிகளை நான் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மேஜை, ஒரு விளக்கு, சுவர் ஓரமாக வரிசையாக ஊறுகாய் ஜாடிகள். ஜாடி நிறைய பென்னி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டுக்கு முன்னால் அடித்த பென்னி கிட்டத்தட்ட முழுக்கச் செம்பு. அதற்குப் பின்னால் வந்தது உள்ளே துத்தநாகம், மேலே செம்புப் பூச்சு. எண்பத்திரண்டில் மட்டும் இரண்டும் உண்டு, அதைச் சின்னத் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பாங்கில் போய்க் கேட்டால் ஐம்பது ஐம்பதாகக் காகிதத்தில் சுருட்டிய பென்னி பெட்டியாகக் கொடுப்பார்கள். பிரித்து வருஷம் பார்த்துச் செம்பை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பக் கொண்டுபோய்க் கட்டிவிடுவார். ஒரு சுருளில் பத்துத் தேறினால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இப்போது அரசாங்கம் புதிதாகப் பென்னி அடிப்பதையே நிறுத்திவிட்டதால் ராய்க்கு ஒரே கவலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நானும் போய் உட்கார ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் கரிசல் காடு. நிலம் வைத்திருக்கிற சம்சாரிகளின் களத்தில் மிளகாய் வத்தல் காயும்போது, அதில் வெளுத்துப்போன சோடை வத்தலைப் பொறுக்கிப் பிரிக்கிற கூலி வேலைக்கு எங்கம்மா போவாள். கவனம் பேச்சில் இருக்கும், கை பாட்டுக்குப் பிரித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கை எனக்கு வந்திருக்கிறது போல. கொஞ்ச நாளில் வருஷம் பார்க்காமலே பிரித்தேன். மேஜையில் தட்டினால் பழைய காசு கிணீரென்று ஒரு இழுப்பு இழுக்கும், புதுக் காசு டப்பென்று செத்துப்போகும். ராய் என்னைச் சோதிக்கக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாகப் போடுவார். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்வேன். "உனக்குக் காதிலேயே தராசு இருக்கிறது" என்று சிரிப்பார்.

அதற்குள் ஒரு பக்கம் மனசு வேறு எங்கோ போய்விடும். நான் வளர்ந்த காலத்தில் எங்கள் வீட்டில் செம்புப் பாத்திரமே கிடையாது. எங்கள் பங்காளிகளில் யார் வீட்டிலும் கிடையாது. பேருக்குக்கூட ஒரு குழி நிலம் இல்லாத கூலிக்காரர்கள். மண்சட்டியும் நெளிந்த அலுமினியமும்தான் புழக்கம். வேலைக்குப் போகிற வீடுகளில் செம்புக் குடத்தில் தண்ணீர் இருக்கும், ஆனால் செம்பை எங்கள் கையில் தரமாட்டார்கள். உயரத்தில் இருந்து ஊற்றுவார்கள், நாங்கள் கையேந்திக் குடிப்போம். முழங்கை வழியாகத் தண்ணீர் வடியும். அப்புறம் காலம் மாறியது. ஒருவர் போலீசானார், ஒருவர் வாத்தியாரானார், சிலர் அரைக் குறுக்கம், ஒரு குறுக்கம் என்று நிலம் வாங்கினார்கள். கையில் காசு வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் வாங்கியது ஒரு செம்புக் குடமாகத்தான் இருக்கும். யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு எங்கப்பா மாயாண்டி, ஆட்டை விற்று மதுரைக்குப் போய் ஒரு குடம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் சீட்டு இருந்தும் அதை மடியில் வைத்துக்கொள்ளவில்லை, எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்றுகொண்டே வந்தார்.

அந்தக் குடத்தை நான் எடைக்குப் போட்டேன். கோச்சடை வீட்டைக் காலி செய்த வாரம். பெட்டியில் இடமில்லை, அடிப்பாகம் வேறு ஒடுங்கியிருந்தது. பழைய பாத்திரக்காரர் தராசில் வைத்தபோது அதற்குள் பாதிக் குடம் தண்ணீர் இருந்தது, நான் கவனிக்கவில்லை. கொட்டிவிட்டு வாருங்கள் என்றார். முருங்கை மரத்தடியில் கொட்டினேன். அதில் வந்த பணத்துக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கினேன். எங்கப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்று எழுத ஆசைதான். தெரியவில்லை.

போன வருஷம் ஆடி மாசம் பெரியப்பா மகன் பாண்டி அண்ணன் கூப்பிட்டார். குலசாமி கருப்புக்குப் புதிதாகப் பெரிய மணி வார்க்கப் போகிறார்கள். கடைச் செம்பு ஆகாது. வீட்டுக்கு வீடு, அந்த வீட்டில் புழங்கிய செம்பைக் கொண்டுவந்து உருக்குகிற பானையில் அவரவர் கையால் போட வேண்டும். வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், போட்டவர்கள் அந்த மணியில் இருப்பார்கள்.

"ஒன் வீட்டுச் செம்பு என்னடா தம்பி? கல்யாணத்துக்குச் சித்தப்பா வாங்குன கொடம் இருக்குல்ல?"

நான் உண்மையைச் சொல்லவில்லை. "செம்பு வரும்ண்ணே. என் கையாலயே கொண்டாந்து போடுவேன். கருப்பு மேல சத்தியம்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தியத்தை லேசில் யாரும் செய்வதில்லை. களவு, பொய், எல்லைத் தகராறு என்றால் கருப்பு முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள், பாதிப் பேர் கோயில் வாசலிலேயே உண்மையை ஒப்புக்கொண்டு விடுவார்கள்.

எனக்குத் தைரியம் ராயின் ஜாடிகள்தான். நானும் சொந்தமாகப் பெட்டி வாங்கிப் பிரிக்க ஆரம்பித்தேன். மார்கழிக்குள் நாலு ஜாடி, ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பாண்டி அண்ணனிடம் வீடியோவில் காட்டினேன். பக்கத்தில் பூசாரி இருந்தார். போனை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"காசுல யாருப்பா தாடிக்காரரு?"

"இந்த நாட்டுப் பழைய தலைவருங்க."

"மனுசன் தலைய உருக்குறதா? சரி, அதக்கூட விடு. இது ஊரெல்லாம் கைமாறுன காசு. எல்லார் கையும் பட்டது எப்புடி ஒன் வீட்டுச் செம்பாகும்?"

"விடுங்க பூசாரி" என்றார் பாண்டி அண்ணன். "அவன் ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்திருக்கான். அம்புட்டுத் தொலவுல இருக்கவன்கிட்டப் போயி…"

சாமிக்குப் போகிற பொருள் அழுக்காகப் போகக் கூடாது. புளியும் உப்பும் கரைத்து நாலு ஜாடிக் காசையும் ஊறப்போட்டு, நாரால் தேய்த்துக் கழுவினேன். விரல் நுனியெல்லாம் வெந்துபோனது. காயவைத்துப் பார்த்தபோது புதுக் குடம் மாதிரி ரோஜா நிறத்தில் பளபளத்தது. பெருமையாக ராயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு "நோ, நோ, நோ" என்றார். மலைத்துப்போய்விட்டார் என்று நினைத்து, "யெஸ், டாமரிண்ட்" என்றேன். பிறகுதான் விளங்கியது, காசு சேர்க்கிறவர்கள் அந்தப் பழுப்பு நிறத்தைக் கழுவவே மாட்டார்களாம். அது காசின் வயசாம். இத்தனை வயசையும் ஒரு சாயங்காலத்தில் அழித்துவிட்டாயே என்று வருத்தப்பட்டார்.

"பரவாயில்லை, உருக்கத்தானே போகிறேன்" என்றேன்.

ராய் கையை இறக்கினார். இந்த நாட்டில் பென்னியை உருக்குவது குற்றம். வெளிநாட்டுக்குப் பெட்டியில் கொண்டுபோவதற்கும் கட்டு உண்டு. ஐந்து டாலர் மதிப்புக்கு மேலே கூடாது, அதையும் உருக்கக் கொண்டுபோகக் கூடாது. அப்படியானால் நீங்கள் எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். என்றைக்காவது சட்டம் மாறும் என்றார். மாறாவிட்டால்? தோளைக் குலுக்கினார். எனக்கு அது ஏறவே இல்லை. பொறுக்குகிற கூலிக்காரி மகன் நான். பொறுக்கியது பானைக்கோ விலைக்கோ போய்த்தானே பார்த்திருக்கிறேன். சும்மா வைத்திருக்கப் பொறுக்குவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதனால்தான் இத்தனை மாதத்தில் ஒருநாளும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாண்டி அண்ணனிடம் சொன்னேன். "அடப் போடா. பேரையூர் வந்து எந்த போலீசு ஒன் காசப் பாக்கப் போகுது? சட்டைக்குள்ள சுருட்டிக் கொண்டா" என்றார். நான் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டேன். காலுறைக்குள் திணித்துப் பார்த்துக்கொண்டு இருந்தபோது செல்வி வேலை முடிந்து வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"பொய்க்காரன், களவாணியெல்லாம் நடுங்குற சாமி அது. அதுக்கே களவாக் கொண்டுபோறீகளாக்கும்?"

"சத்தியம் பண்ணிப்புட்டேனே, செல்வி."

"கொடத்த எடைக்குப் போட்டதச் சொல்ல வெக்கப்பட்டுத்தானே பண்ணுனீக? அன்னைக்கே ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா? அது என் கல்யாணத்துக் கொடமும்தான்."

பதினோரு வருஷத்தில் அவள் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. காலுறைகளை உதறி, காசை ஜாடியில் திரும்பக் கொட்டினேன். அவள் கோட்டோடு உட்கார்ந்தே இருந்தாள்.

மறுநாள் ராய் மன்னிப்புக் கேட்கிற மாதிரி வந்தார். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார். எதற்கு உனக்கு இந்த அவசரம் என்றும் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். மணி, சாமி, கையேந்திக் குடித்தது, எங்கப்பா பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது. வீட்டில் புழங்கிய செம்புதான் வேண்டும், என் வீட்டில் ஒரு குண்டுமணி செம்பு கிடையாது என்று முடித்தேன். ராய் எங்கள் வீட்டு நிலவறைக்குப் போகலாம் என்றார். துணி துவைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விரலை மேலே காட்டினார்.

கூரைக்கு அடியில் ஓடுகிற தண்ணீர்க் குழாய்கள். தூசி படிந்து கறுத்துக் கிடந்தன. ராய் சட்டைக் கைநுனியால் ஒரு இடத்தில் தேய்த்தார். சிவப்பாகச் செம்பு எட்டிப்பார்த்தது. பழைய வீடுகளில் எல்லாமே செம்புதான் என்றார். "நீ இத்தனை வருஷமும் குடித்தது இதில்தான்."

நாங்கள் குடித்தது, சமைத்தது, சாமி படத்துக்கு முன்னால் சின்னக் கிண்ணத்தில் தினமும் வைத்தது, செல்வி கருக்கலைந்து வந்த நாளில் நான் அவளுக்குச் சுடவைத்துக் கொடுத்தது, எல்லாம் அதற்குள் வந்த தண்ணீர். நான் குழாயைத் தொட்டுக் கும்பிட்டேன். ராய் தொப்பியைக் கழற்றினார், அவர் என்ன நினைத்தாரோ. தண்ணீரை நிறுத்திவிட்டு, சமையலறைக்குப் போகிற குழாயில் பற்றவைப்பு இல்லாத இடமாகப் பார்த்து ஒரு முழம் அளந்து வெட்டினார். வெட்டிய இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை மாட்டினார். கூலி கேட்டதற்கு, மணி அடிக்கும்போது என் பெயரையும் ஒருதரம் சொல் என்றார்.

தை மாசம் மதுரை ஏர்போர்ட்டில் இறங்கியபோது, பெட்டியைச் சோதித்த அதிகாரி அந்தத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் வைத்து உள்ளே பார்த்தார்.

"என்னங்கய்யா இது?"

"குழாய்ங்க. குலசாமிக்கு."

"ஏன், கோயில்ல தண்ணி வரலையா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

கோயில் பொட்டலில் குழி தோண்டி, கரி போட்டு, ஊதுகாற்று வைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்கே முகம் காந்தியது. பங்காளிகள் குடமும் அண்டாவும் விளக்கும் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நான் ஒரு துண்டுக் குழாயை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தேன். மைக் பிடித்திருந்த பொடியன்கள் எல்லாம் நான் போன பிறகு பிறந்தவர்கள். "பாண்டி வாத்தியார் வீடு", "போலீஸ்காரர் வீடு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தது.

"அடுத்தது, அமெரிக்கா வீடு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். குத்தல் சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்புதான். என்னோடு படித்தவன் ஒருவன், "மாப்ள, வீட்டுக் கொழாயவே அறுத்துக் கொண்டாந்துட்டியே, தங்கச்சி அங்க எதுல குளிக்கும்?" என்று கத்தினான். நானும் சிரித்தேன். ஆனால் நெஞ்சில் ஒரு இடத்தில் அது நின்றுவிட்டது. எங்கப்பா பெயரை மைக்கில் கேட்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

பாண்டி அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச நேரமில்லை. எல்லோர் முன்னாலும், பூசாரியைப் பார்த்துச் சொன்னேன். "சாமி, எங்கப்பா வாங்குன கொடம் இருந்துச்சு. நான் எடைக்குப் போட்டுட்டேன். அத மறச்சுத்தான் சத்தியம் பண்ணுனேன். இது நாங்க அங்க குடிச்ச தண்ணி வந்த கொழாய். ஆகும்னாப் போடுறேன். ஆகாதுன்னா எடுத்துட்டுப் போறேன்."

சிரிப்பு நின்றது. பூசாரி துணியைப் பிரித்தார். குழாயின் ஒரு முனையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார். எதற்கு என்று இன்றைக்கும் தெரியாது.

"குடிச்சீகள்ல?"

"குடிச்சோம் சாமி."

"வாய் வச்சா, கையேந்தியா?"

"டம்ளர்ல, சாமி. வாய் வச்சு."

"அப்பப் போடு. யாரு மகன்னு சொல்லிப் போடு."

மாயாண்டி மகன் என்று சொன்னேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. குழாய் உள்ளே விழுந்து, ஓரமாக ஒரு பச்சைத் தீ எழும்பி அடங்கியது. அடுத்த வீட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வார்த்த மணி ஆறி, மண்ணை உடைத்து, தேய்த்து, நல்ல நாள் பார்த்துத் தொங்கவிட ஒரு மாதம் ஆகும் என்றார்கள். எனக்குக் கடையில் கொடுத்த லீவு பன்னிரண்டு நாள். மணியைப் பார்க்காமலே விமானம் ஏறினேன்.

மாசியில் ஒருநாள் பாண்டி அண்ணன் வீடியோவில் வந்தார். "இந்தா பாரு, ஒன் மணி" என்று போனைத் தூக்கிக் காட்டினார். நல்ல கனமான மணி, தங்கமும் செம்பும் கலந்த நிறம். அவர் கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். மணி ஆடியது. நாக்கு போய்ப் பக்கத்தில் அடித்தது, திரும்பி வந்து அடித்தது. பின்னால் வேப்பமரத்தில் இருந்து காக்கைகள் எழுந்து பறந்தன. ஒரு சத்தமும் வரவில்லை. அண்ணன் பேசினால் கேட்கிறது, மணி அடித்தால் கேட்கவில்லை. பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று எண்ணி அந்தப் போனே அடைத்துவிடுமாம், செல்வி சொன்னாள். "கேக்குதாடா?" என்று அண்ணன் முகம் பூரித்துக் கேட்டார். "கேக்குதுண்ணே" என்றேன். "ராய்" என்று ஒருதரம் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். யார் என்றுகூடக் கேட்காமல் சொல்லி அடித்தார். மறுபடியும் ஆடியது, காக்கைகள் மறுபடியும் எழுந்தன.

போனை வைத்துவிட்டு நிலவறைக்கு இறங்கிப் போனேன். அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பழைய குழாய் அப்படியே ஓடுகிறது. விரல் முட்டியால் செம்பை ஒருதரம் தட்டினேன். சின்னச் சத்தம்தான். ஆனால் அது குழாய் வழியாகவே ஏறிச் சுவருக்குள் போய், வீடு முழுக்க நடந்தது.

மேலே சமையலறையில் செல்வி தண்ணீரை நிறுத்துவது கேட்டது.

"யாரது?" என்று கேட்டாள்.

நான் இன்னொரு தரம் தட்டினேன்.